டெக்சாஸில் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம்: எச்ஓஏ அனுமதி முதல் மீன் விடுவது வரை

டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் ஃபிரிஸ்கோ, பிளேனோ என்று எந்தப் பக்கம் புது வீடு வாங்கினாலும் பெரும்பாலும் கூடவே ஒரு எச்ஓஏவும், அதாவது வீட்டு உரிமையாளர் சங்கமும், வந்துவிடும். பணம் கட்டுகிறோம், புல் உயரமாக வளர்ந்தால் கடிதம் வருகிறது, அதற்கு மேல் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பின்பக்கம் குளம் வெட்டி அல்லியும் நாலு மீனும் விடலாம் என்று ஆசை வந்தால், முதலில் சமாளிக்க வேண்டியது அவர்களைத்தான். வெளிவேலைகளுக்கு அனுமதி தரும் சங்கத்தின் கமிட்டிக்கு, குளம் அழகாக இருக்குமா என்பது பெரிய கவலை இல்லை. கொசு வருமா, குழந்தை விழுமா, மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகுமா, இந்த மூன்றுதான் அவர்கள் பயம். குளத்தையும் விண்ணப்பத்தையும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்தில் இருந்தால் சட்டம் மாறும், வேலையின் வரிசை மாறாது.

1. விதிகளைப் படியுங்கள்

சிசிஆர் எனப்படும் டிக்ளரேஷன் (மனைகளைக் கட்டுப்படுத்தும் அடிப்படை விதிகள்), அப்புறம் ஆர்க்கிடெக்சரல் கைட்லைன்ஸ் (வெளித்தோற்றத்துக்கான விதிகள்), இரண்டும் வேண்டும். டிக்ளரேஷன் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவான ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 60 மனைகளுக்குக் குறையாத சங்கமும், மேனேஜ்மென்ட் கம்பெனி வைத்திருக்கும் சங்கமும் இவற்றை இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம், அதனால் கிடைக்கவில்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது.

பாண்ட் என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். வாட்டர் ஃபீச்சர், ஃபவுண்டன், கிரேடிங், டிரெய்னேஜ் என்றும் தேடுங்கள். குளம் என்ற பேச்சே இல்லையென்றாலும், வீட்டுக்கு வெளியே எதைக் கட்டினாலும் மாற்றினாலும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று பொதுவாக ஒரு பிரிவு இருக்கும், அது குளத்தையும் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வரி முக்கியம்: கமிட்டி குறிப்பிட்ட நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சில சங்கங்களில் அனுமதித்ததாக அர்த்தம், சிலவற்றில் மறுத்ததாக அர்த்தம். உங்களுடையது எது என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

2. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீடு வாங்கும்போது தந்த குளோசிங் காகிதங்களில் சர்வே வரைபடம் இருக்கும், அதை நகல் எடுங்கள். பின்வேலியை ஒட்டிப் பெரும்பாலும் யுட்டிலிட்டி ஈஸ்மென்ட் (குழாய், கம்பி போடுபவர்கள் பயன்படுத்த உரிமையுள்ள இடம்) போட்டிருப்பார்கள். அங்கே குளம் கூடாது, நாளைக்குக் குழாய் பழுதுபார்க்க வருபவர்கள் தோண்டிப் போட்டால் கேட்பாரில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடுவதற்காக லேசாகப் பள்ளமாக விட்டிருக்கும் பாதையிலும் கூடாது. தண்ணீரின் இயல்பான ஓட்டத்தைத் திருப்பி அடுத்தவர் சொத்துக்குச் சேதம் செய்தால் டெக்சாஸ் நீர்ச் சட்டத்தின் 11.086 பிரிவின்படி அவர் வழக்கே போடலாம்.

வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம். இந்தப் பகுதியின் களிமண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் வகை. ஃபவுண்டேஷன் பக்கத்தில் குளம் கசிந்தால் விரிசலுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி. பத்தடி தள்ளி என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு.

3. அளவைத் தீர்மானியுங்கள்

பல ஊர்களின் கட்டட விதியில், நீந்தவோ குளிக்கவோ அமைத்த, 24 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் எதுவும் நீச்சல் குளம். அதற்கு 48 அங்குலத் தடுப்பும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். அலங்காரக் குளம் நீந்துவதற்கில்லையே என்று வாதாடலாம்தான், ஆனால் சில ஊர்கள் அலங்காரக் குளத்தையும் இதில் சேர்க்கும். ஆழத்தைக் குறைத்துக்கொண்டால் வாதத்துக்கே இடமில்லை. சிட்டியின் கட்டட அனுமதிப் பிரிவுக்கும் ஒரு போன் போடுங்கள். சிட்டி அனுமதி வேறு, எச்ஓஏ அனுமதி வேறு, ஒன்று கையில் இருப்பதால் மற்றது வந்துவிடாது.

முதல் குளத்துக்கு 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தாராளம். 10 × 6 × 1.5 என்றால் 90 கன அடி, அதை 7.48ஆல் பெருக்கினால் சுமார் 670 கேலன். கோய் மீனுக்கு இது போதாது, அதற்கு மூன்றடியாவது ஆழம் வேண்டும், கோல்ட்ஃபிஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றரை அடித் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கும் என்பதை மறக்க வேண்டாம், வேலிக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள், வீட்டு இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.

4. விண்ணப்பம்

சர்வே நகலில் குளத்தை வரைந்து, ஒவ்வொரு எல்லையிலிருந்தும் எத்தனை அடி என்று எழுதுங்கள். நீளம், அகலம், ஆழம், கல்லின் நிறம், பம்ப் விவரம் சேருங்கள். தெருவிலிருந்து பார்த்தால் குளம் தெரியாது என்பதைக் காட்டும் போட்டோ ஒன்று வையுங்கள். தோண்டும் மண் எங்கே போகும் என்பதையும் எழுதுங்கள், பலர் விடுவது இதைத்தான். 90 கன அடி என்பது மூன்று கன யார்டுக்கு மேல், தோண்டிக் கொட்டினால் இன்னும் உப்பும். அதை வேலியோரம் பரப்பினால் மனையின் சரிவே மாறி, தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத் திரும்பிவிடும்.

கொசுவுக்குத் தனிப் பத்தி எழுதுங்கள். 2012இல் கொசுவால் வரும் வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவி டல்லாஸ் கவுண்டியில் விமானத்தில் மருந்து தெளித்தார்கள், கமிட்டியில் அதை மறக்காதவர்கள் இருப்பார்கள். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், மீன் இருக்கும், தேவைப்பட்டால் பிடிஐ மாத்திரை போடுவேன் என்று மூன்றே வரி போதும். பிடிஐ கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா, மீனுக்கு ஒன்றும் செய்யாது.

5. மறுத்துவிட்டால்

வாய்மொழி அனுமதியை நம்பித் தோண்டாதீர்கள். 40 மனைகளுக்கு மேலுள்ள சங்கம் மறுத்தால், காரணத்தையும், என்ன மாற்றினால் அனுமதி கிடைக்கும் என்பதையும் எழுத்தில் தர வேண்டும் என்கிறது டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 209.00505 பிரிவு. கடிதம் அனுப்பிய 30 நாளுக்குள், சங்கத்தை நடத்தும் போர்டிடம் விசாரணை கேட்கலாம். போர்டு உறுப்பினரோ அவர் துணைவரோ இந்தக் கமிட்டியில் இருக்கக் கூடாது என்றும் 2021இல் கொண்டுவந்துவிட்டார்கள், ஆக மேல்முறையீட்டைக் கேட்பது வேறு ஆட்கள். சண்டைக்குப் போவதைவிட அவர்கள் சொன்ன மாற்றத்தைச் செய்து மறுபடி அனுப்புவது சீக்கிரம் முடியும்.

6. தோண்டுங்கள்

முதலில் 811க்கு போன் போடுங்கள், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் சேவை அது. இலவசம். இரண்டு வேலை நாள் முன்னதாகச் சொன்னால் வந்து குறியிடுவார்கள்: சிவப்பு மின்சாரம், மஞ்சள் கேஸ், நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. உங்கள் ஸ்பிரிங்க்ளர் குழாயைக் குறிக்க மாட்டார்கள், அது உங்கள் பாடு.

விளிம்பு முழுக்க ஒரே மட்டமாக இருக்க வேண்டும், நீளமான பலகை மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது, அரை அங்குலக் கோணலும் ஒரு பக்கம் பல்லைக் காட்டும். குளத்துக்குள் விரிக்கும் லைனர் என்ற ரப்பர் விரிப்புக்கு நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழமும் இரண்டடியும் கூட்டுங்கள், அகலத்துக்கும் அப்படியே. இந்தக் குளத்துக்கு 15 × 11 அடி. 45 மில் தடிமனுள்ள ஈபிடிஎம் வகை ரப்பர் வாங்குங்கள், கல் குத்தாமலிருக்க அடியில் தடித்த துணி விரியுங்கள். பம்ப் மணிக்கு 700 கேலன் தள்ளினால் போதும். மின் இணைப்பு ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி) பாதுகாப்புள்ளதாக இருக்கட்டும், எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

7. தண்ணீர், செடி, மீன்

தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்ற ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. டல்லாஸ், பிளேனோ பக்கம் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமைன், அது அப்படிப் போகாது. அதை முறிக்கும் கண்டிஷனரை ஊற்றிவிட்டுத்தான் மீன் விட வேண்டும், அதுவும் முதலில் இரண்டு மூன்று மட்டும்.

அல்லி, தாமரை தாராளமாக வைக்கலாம், இலை பாதிக் குளத்தை மூடினால் கோடை வெயிலில் பாசி அடங்கும். வெங்காயத்தாமரையும் (வாட்டர் ஹயசிந்த்) ஆகாயத்தாமரையும் (வாட்டர் லெட்யூஸ்) வேண்டவே வேண்டாம், இரண்டும் டெக்சாஸில் தடை செய்யப்பட்டவை, யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் போட்டோ எடுத்து, வேலை முடிந்தது என்று கமிட்டிக்கு மெயில் அனுப்பி, அனுமதிக் கடிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டை விற்கும்போது அதைக் கேட்பார்கள்.