லைசென்ஸ் உள்ளவர்கள், இல்லாதவர்கள்: டெக்சாஸ் தண்டனைக் கணக்கை ஒப்பிடுவது எப்படி?

டெக்சாஸில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் குற்றமே செய்வதில்லை என்று ஒருவர் ஒரு சதவீதத்தைக் காட்டுவார், இன்னொருவர் ஒரே ஒரு கொலை வழக்கைக் காட்டி அதெல்லாம் பொய் என்பார். கணக்கை நாமே போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. அந்த மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறை, எந்தக் குற்றத்துக்கு மொத்தம் எத்தனை தண்டனை, அதில் லைசென்ஸ்காரர்கள் எத்தனை என்று ஆண்டுவாரியாக அட்டவணை வெளியிட்டிருக்கிறது.

முதலில், அதில் இருக்கும் சதவீதத்தை அப்படியே எடுக்காதீர்கள். அது மொத்தத் தண்டனையில் லைசென்ஸ்காரர்களின் பங்கு மட்டும்தான், விகிதம் இல்லை. பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கணக்கு: மொத்தத் தண்டனை 40,000, அதில் லைசென்ஸ்காரர்கள் 120 பேர், அதாவது 0.3 சதவீதம். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 16 லட்சம், 21 வயதைத் தாண்டிய மற்றவர்கள் 184 லட்சம் என்று வையுங்கள். 120-ஐ 16-ஆல் வகுத்தால் லட்சத்துக்கு 7.5, மீதி 39,880-ஐ 184-ஆல் வகுத்தால் லட்சத்துக்குச் சுமார் 217. இந்த இரண்டு எண்களைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லைசென்ஸுக்கு 2022 வரை வழக்கமான வயது 21, ராணுவத்தில் இருப்பவர்களுக்கு 18. அதனால் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் குழந்தைகளும் உள்ளே வந்து, மற்றவர்களின் விகிதம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். அப்புறம், தண்டனை வேறு, கைது வேறு. ஒருவருக்கே இரண்டு மூன்று தண்டனைகள் இருக்கலாம், குற்றம் ஒரு வருடத்திலும் தீர்ப்பு அடுத்த வருடத்திலும் வரலாம்.

இப்போது முக்கியமான இடம். வித்தியாசம் பெரிதாக வரும், அது நிஜம்தான். ஆனால் அதை லைசென்ஸ் உண்டாக்கியது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பெருங்குற்றத் தண்டனை பெற்றவர், கடந்த 5 வருடத்தில் ஏ அல்லது பி வகைச் சிறுகுற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், இன்னொருவரைப் பாதுகாக்க நீதிமன்றம் யார்மீது ஆணை போட்டிருக்கிறதோ அவர், பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையைக் கட்டாமல் இருப்பவர், இவர்களையெல்லாம் சட்டம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சலித்து எடுத்த அரிசியையும் சலிக்காத அரிசியையும் வைத்துக் கல் எண்ணுவது போலத்தான் இது. வயதும் சேர்கிறது: குற்றம் அதிகம் நடப்பது இளம் வயதில், லைசென்ஸ்காரர்களில் நடுவயதுக்காரர்கள் நிறைய. முடிந்தால் வயது, பால் வாரியாகப் பிரித்து ஒப்பிடுங்கள்; லைசென்ஸ்காரர்களின் வயது விவரத்தையும் அதே துறை வெளியிட்டிருக்கிறது.

அடுத்து, குற்ற வகையைப் பாருங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் 2009 வரையான தண்டனைகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். லைசென்ஸ்காரர்கள் தண்டிக்கப்படுவது மிகக் குறைவு, ஆனால் தண்டிக்கப்பட்டவர்களுக்குள் பாலியல் குற்றம், துப்பாக்கிக் குற்றம், மரணம் தொடர்பான குற்றம் ஆகியவற்றின் பங்கு மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டார்கள். முதல் பாதியை மட்டும் எடுத்துச் சொல்வதும் பின் பாதியை மட்டும் எடுத்துச் சொல்வதும் எனக்கு ஒரே மாதிரி நேர்மையின்மைதான்.

கொலை போன்றவற்றில் லைசென்ஸ்காரர் எண்ணிக்கை மிகச் சிறியது. போன வருடம் 4, இந்த வருடம் 8 என்றால் இரட்டிப்பு என்று பதறாதீர்கள். நாலைந்து வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, கடைசியாக ஒரு தேதி. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, தகுதியுள்ள ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அன்று முதல் 'மற்றவர்கள்' பட்டியலிலும் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதற்கு முந்தைய வருடங்களைத் தனி அட்டவணையில் போடுங்கள், பிந்தையதோடு கலக்காதீர்கள்.