தேக்கு நிலையும் திருட்டு அலாரமும்

காரைக்குடி வீட்டு வாசல் நிலையில் திருட்டு அலாரத்தின் வெள்ளைப் பிளாஸ்டிக் சென்சாரை ஒட்டுவதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. "மஞ்சள் குங்குமம் வைக்கிற இடத்தில் இதுவா?" நியாயம்தான்.

அழகு முக்கியமென்றால் மரத்துக்குள் புதைக்கும் காந்த சென்சாரைக் கேளுங்கள். நிலையில் சென்சார் துண்டு, கதவின் மேல்விளிம்பில் காந்தம்; கதவு திறந்து இரண்டும் விலகினால் அலாரம் அடிக்கும். சுமார் 10 மில்லிமீட்டர் துளை போதும், வெளியே ஒன்றும் தெரியாது. துளையை மட்டும் தச்சர் போடட்டும். அலாரம் பொருத்த வருகிறவர் தேக்கையும் செங்கலையும் ஒரே மாதிரிதான் குடைவார்.

கூடத்துக்கு, உடல் வெப்பத்தின் அசைவை உணரும் சென்சார். வெயில் விழும் ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் சென்சாரின் முகப்பின்மேல் ஒரு பல்லி ஊர்ந்து, இரவு இரண்டரை மணிக்குத் தெருவையே எழுப்பிவிட்டது. பிறகு பல்லி வழக்கமாகச் சுற்றும் குழல்விளக்கை விட்டுத் தள்ளி மாட்டினோம்.

சென்சார்கள் எல்லாம் இணையும் அலாரம் பெட்டியின் பளபளப்பைவிட உள்ளே இருக்கும் பேட்டரியைப் பாருங்கள். பொருத்தியவர் கிளம்புமுன் மெயின் சுவிட்சையும் வைஃபையையும் அணைத்துவிட்டுக் கதவைத் திறங்கள். சைரன் அலற வேண்டும். பெட்டியிலுள்ள சிம் வழியாக உங்கள் கைப்பேசிக்கு அழைப்பும் வர வேண்டும். வராவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும். அப்போது இன்னொரு முறை சோதியுங்கள்.