இதய வால்வு நோயாளிகளின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள்: கொங்குப் பகுதியில் சரிபார்க்கும் முறை

கேள்வித்தாளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. வால்வு ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படுவது கேசிசிக்யூ (KCCQ, கன்சாஸ் சிட்டி கார்டியோமயோபதி கேள்வித்தாள்). 2000-இல் அமெரிக்காவில் வெளியானது. 23 கேள்விகள், கடந்த இரண்டு வார நிலை, 0 முதல் 100 வரை மதிப்பெண், கூடக்கூட நலம். 12 கேள்விச் சுருக்கமும் உண்டு. ஆனால் அது இதயச் செயலிழப்புக்காக எழுதப்பட்டது. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்க அலைவது, ரத்தம் நிற்காதோ என்ற பயம், ராத்திரியில் கேட்கும் உலோக வால்வின் டிக் டிக் சத்தம் எதுவும் அதில் இல்லை. இவற்றைத் தனித் தாளில் கேளுங்கள், மூல மதிப்பெண்ணோடு கலக்காதீர்கள். உரிமம் வாங்கும்போதே தமிழ்ப் பதிப்பு உண்டா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இல்லையென்றால் இரண்டு பேர் தனித்தனியே தமிழாக்கி, ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். குழு ஒப்பிட்டுத் திருத்தியபின் 30 முதல் 40 நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, "இது என்ன கேக்குதுங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். மூலக் கேள்வியில் வரும் வீட்டு முற்ற வேலையைத் (yardwork) "தோட்ட வேலை" என்று எழுதினால் பொள்ளாச்சி, கோபி விவசாயிக்கு அது கிணற்றுப் பாசன நிலத்தில் பாத்தி கட்டுவது, களை எடுப்பது. லேசான கேள்வி கடுமையானதாகிவிடும். "வாசல் கூட்டுவது, கடைச் சாமான் பையைத் தூக்கி வருவது" என்றால் சரியான எடைக்கு வரும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். உடல் செயல்பாட்டுப் பகுதியின் ஆறு கேள்விகளிலும் கடைசியாக "வேறு காரணத்தால் முடியவில்லை, அல்லது செய்யவில்லை" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் அந்தக் கேள்வி விடுபட்டதாகி, மற்றவற்றின் சராசரிதான் எடுக்கப்படும். மூச்சு வாங்கியதால் கனமான வேலையை மருமகளிடம் விட்ட அம்மா, "அதெல்லாம் நான் செய்யறதில்லைங்க" என்பார். டிக் விழும், கடினமான வேலை கணக்கிலிருந்து போய்விடும், நோய் முற்றியவரின் மதிப்பெண் ஏறும். அதனால் "எதனாலங்கம்மா விட்டீங்க?" என்ற ஒரே துணைக்கேள்வியைக் கையேட்டில் எழுதி எல்லோரிடமும் கேளுங்கள். மூச்சிரைப்பால் விட்டதென்றால் அது வேறு காரணம் அல்ல, மிகக் கடுமையான தடை. அந்தக் கட்டம் எத்தனை சதவீதம் என்பதைக் கேள்விவாரியாக வெளியிடுங்கள். ஆறில் மூன்றுக்காவது பதில் இல்லாவிட்டால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடக்கூடாது.

சிகிச்சை தருபவர் கேட்டால் "பரவாயில்லைங்க சார்" என்றுதான் பதில் வரும். வெளியாள் ஒருவர், டாக்டரைப் பார்க்கும் முன்பே, தனியாகக் கேட்கட்டும். மகனோ கணவரோ முந்திக்கொண்டு பதில் சொன்னால் அந்தத் தாளைத் தனியே குறியுங்கள். யார் வாசித்தார், யார் டிக் போட்டார் என்பதும் பதிவாக வேண்டும்.

காரணிப் பகுப்பாய்வுக்கு (எந்தெந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்ப்பது) ஒரு கேள்விக்கு ஏழு பேராவது, மொத்தம் 100-க்குக் குறையாமல். 23 கேள்விக்கு 161. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.70-க்கு மேல் இருக்கட்டும். 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்று அர்த்தம். என்ஒய்எச்ஏ (NYHA, இதய நோயின் தொந்தரவை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிப்பது) வகுப்பு ஏற ஏற மதிப்பெண் இறங்குகிறதா, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எவ்வளவு ஒத்துப்போகும் என்ற எதிர்பார்ப்பை முன்னரே எழுதிவையுங்கள்.

மறுபரிசோதனைக்கு (அதே ஆளிடம் அதே தாளை மறுபடி கேட்பது) 50 பேராவது, இரண்டு வார இடைவெளியில். நீர்மாத்திரை அளவு மாறியவர்களைச் சேர்க்காதீர்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டு தொடங்கினால் நோய் மாறாமலே பதில் மாறும், ஆகவே இரண்டு சந்திப்பும் ஒரே வேலைக்காலத்தில் வரட்டும். ஐசிசி (ICC, இரண்டு முறையும் வந்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.70 குழு ஒப்பீட்டுக்குப் போதும், தனி நோயாளிக்குப் போதாது. திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 20, ஐசிசி 0.84 என்று வைத்துக்கொண்டால் அளவீட்டுப் பிழை 8 (20 × √0.16). உண்மையான மாற்றம் என்று சொல்லத் தேவையானது 1.96 × √2 × 8, அதாவது 22 புள்ளி. கேசிசிக்யூவில் 5 புள்ளி மாற்றமே நோயாளிக்குப் பொருட்படும் என்பார்கள். குழுச் சராசரிக்கு அது சரி. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் 5 புள்ளியை வைத்து மருந்தை மாற்றாதீர்கள்.

மாற்றத்தை உணரும் திறனை, அறுவைக்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் அளந்து காணுங்கள். ஒரு மாதத்திலேயே கேட்டால் நெஞ்செலும்பு வலியும் "எடை தூக்காதீங்க" என்ற அறிவுரையும்தான் மதிப்பெண்ணாக வரும். இடையில் இறந்தவர்கள், வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதைச் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.