பங்கிலும் பள்ளியிலும் நிதி திரட்டுவோர் கவனத்திற்கு

நிதி கேட்பதற்கு முன், அதைப் பொறுப்பாகக் கையாளும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 537-ஆவது சட்டம் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு பங்குக் குருவின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் சமூகத்திலும்) நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. அக்குழு பெயரளவில் இருந்தால் போதாது, கணக்கறிந்த பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாத இறைமக்கள்) அதில் மனம்விட்டுப் பேச இடமிருக்க வேண்டும்.

அடுத்து, தேவையைத் தெளிவாக எழுதுங்கள். "பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்" என்ற வேண்டுகோள் யாரையும் அசைப்பதில்லை. எந்த வகுப்பறையின் கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும், கையில் எவ்வளவு இருக்கிறது, வேலை எப்போது முடியும் என்று சொன்னால், கொடுப்பவர் தம் பங்கை உணர்ந்து கொடுப்பார்.

குறிப்பிட்ட நோக்கத்திற்காக வந்த காணிக்கையை அந்த நோக்கத்திற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது அதே தொகுப்பின் 1267-ஆவது சட்டம். ஆகவே ஏழை மாணவரின் கல்விக்கென வந்த தொகையை, எவ்வளவு அவசரமானாலும், கோபுரத்திற்கு வண்ணம் பூச எடுக்காதீர்கள். தனிக் கணக்கில் வையுங்கள். காணிக்கைப் பெட்டியை ஒருவர் மட்டும் எண்ணுவதை அனுமதிக்காதீர்கள். உறவினரல்லாத இருவராவது சேர்ந்து எண்ணி, அங்கேயே கையொப்பமிடட்டும். நேர்மையானவரை வீண்பழியிலிருந்து காப்பதும் இதுவே.

நன்றிக் கடிதத்தைத் தாமதிக்காதீர்கள். அதில் மறுபடியும் பணம் கேட்காதீர்கள். ஆண்டுக் கணக்கை எல்லோரும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நன்கொடையாளர் பட்டியலைத் தொகை வரிசையில் வெளியிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஏழைக் கைம்பெண் தன்னிடமிருந்த இரண்டு காசுகளையும் காணிக்கையிட்டதை இயேசு பாராட்டினார்; அவர் பெயரால் கூடும் ஆலயத்தில் அத்தகைய பட்டியலுக்கு இடமில்லை. பணம் தர இயலாதவரிடம் நேரத்தையும் திறமையையும் கேளுங்கள். மாலை வகுப்பெடுக்க முன்வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கொடையாளரே.