ஆட்சி மாறிவிட்டது, நம்ம ஏரியாவுக்கு மெட்ரோ வருமா வராதா? கண்டுபிடிப்பது எப்படி

தேர்தல் முடிவு வந்த அடுத்த வாரமே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஒருவர் "பழைய ஆட்சியோட திட்டம், கிடப்புல போட்டுடுவாங்க" என்பார், இன்னொருவர் "கடன் வாங்கியாச்சு சார், இனிமே நிறுத்த முடியாது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. பேட்டிகளையும் மேடைப் பேச்சையும் வைத்து இதைக் கணிக்க முடியாது. எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு பணம் கை மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் உங்கள் தடம் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். அறிவிப்பு, சாத்தியக்கூறு அறிக்கை, டிபிஆர் என்கிற விரிவான திட்ட அறிக்கை, மாநில அரசின் ஒப்புதல், மத்திய அமைச்சரவை ஒப்புதல், கடன் ஒப்பந்தம், டெண்டர், வேலை உத்தரவு என்று போகும். டிபிஆர் வரைக்கும் ஆகும் செலவு மொத்தத் திட்டத்தோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு, அதனால் அந்தக் கட்டத்தில் இருக்கும் எதையும் புது அரசு சத்தமில்லாமல் கைவிடலாம். ரத்து என்று யாரும் அறிவிக்கவும் மாட்டார்கள், பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான்.

இதற்குச் சென்னை மோனோ ரயிலை விட நல்ல பாடம் கிடையாது. 2006 தேர்தலுக்கு முன் ஜெயலலிதா அரசு ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோ ரயில் என்றது. மே மாதம் திமுக வந்தது, மோனோ போய் மெட்ரோ வந்தது. 2008 நவம்பரில் ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்காவின் கடன், 2009 ஜனவரியில் மத்திய ஒப்புதல், அதே வருடம் ஜூனில் கோயம்பேடு பக்கம் வேலை ஆரம்பம். 2011இல் ஜெயலலிதா திரும்ப வந்தார், கவர்னர் உரையிலேயே மோனோ ரயில் மறுபடி முளைத்தது, முதல் கட்டமே 111 கிலோமீட்டர். சரி, மெட்ரோ நின்றதா? நிற்கவில்லை. அதற்குள் நூறடி சாலையில் தூண்கள் எழும்பிவிட்டன, கடன் பணம் வந்துகொண்டிருந்தது, ஒப்பந்தக்காரர்கள் இயந்திரங்களோடு உள்ளே இருந்தார்கள். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் ரயிலைத் தொடங்கி வைத்ததும் அதே ஜெயலலிதாதான். மோனோவுக்கோ டெண்டர் மேல் டெண்டர் போட்டார்கள், 111 கிலோமீட்டர் 57 ஆகச் சுருங்கியது, கடைசிவரை ஒரு தூண்கூட எழவில்லை.

ஆனால் அந்த மோனோ தடங்களில் ஒன்று பூந்தமல்லி–வடபழனி. அதே வழிதான் இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடத்துக்குள் வருகிறது. ஆட்சி மாறும்போது வண்டி மாறும், பெயர் மாறும், கூட்டம் உண்மையிலேயே இருக்கிற சாலை மட்டும் ஏதோ ஒரு வடிவில் திரும்ப வரும். என்ன, நடுவில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிடும். உங்கள் ஹோம் லோன் அதுவரை காத்திருக்காது.

அடுத்து, சாவி யார் கையில் என்று பாருங்கள். நம்மவர்கள் மாநிலத்தில் ஆட்சி மாறுவதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள், அது போதாது. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். அதிமுக ஆட்சியில் 2020 நவம்பரில் அமித் ஷா அடிக்கல் நாட்டினார், 2021 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அதே தொகையோடு அறிவிப்பும் வந்தது. மூன்றே மாதத்தில் திமுக ஆட்சி, வேலை தொடர்ந்து நடந்தது. ஆனால் மத்திய அமைச்சரவை ஒப்புதல் எப்போது வந்தது தெரியுமா? 2024 அக்டோபர் 3. அதுவரை அது கணக்கில் மாநிலத் திட்டம், சுமை பெரும்பாலும் மாநிலத்தின் தலையில். ஒப்புதல் வந்தபின்தான் கடனும் சேர்த்துச் சுமார் 65 சதவீதம் மத்திய அரசின் கணக்குக்குப் போனது. பட்ஜெட்டில் பேர் வந்துவிட்டது என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் இந்த மூன்றரை வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவை, மதுரைக்காரர்களுக்கு இன்னும் கசப்பான அனுபவம். மாநிலம் டிபிஆர் போட்டு அனுப்பியது, 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்புப்படி இல்லை என்பது முக்கியக் காரணம். அரசியலா விதியா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், வீடு வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மத்திய ஒப்புதல் இல்லாத டிபிஆரை நம்பி சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கடன் ஒப்பந்தம் ஆகிவிட்டால் பயமில்லை என்பதும் முழு உண்மை இல்லை. கொழும்பில் மாலபே–கோட்டை இலகு ரயிலுக்கு ஜைக்காவோடு 2019இல் கடன் ஒப்பந்தம் ஆனது. அந்த வருடக் கடைசியில் கோட்டாபய ராஜபக்ச அதிபராக வந்தார், 2020 செப்டம்பரில் செலவு அதிகம் என்று திட்டத்தையே ரத்து செய்தார்கள். அவருக்குப் பின்னால் அதிபரான ரணில் விக்கிரமசிங்க டோக்கியோ போய் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கனடாவின் டொராண்டோவில் இன்னும் மோசம், எக்ளிண்டன் சாலையில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்த பிறகு 1995இல் வந்த மைக் ஹாரிஸின் மாகாண அரசு தோண்டிய குழியை மூடிவிட்டது. ஆக, கையெழுத்தோடு சேர்த்து, நிறுத்தினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும் பாருங்கள். ஒரு குழியை மூடுவது சுலபம், பத்து கிலோமீட்டர் தூணை இடிப்பது கஷ்டம்.

புது அரசு வந்த முதல் ஆறேழு மாதம்தான் துப்புக் கிடைக்கும் காலம். முதல் பட்ஜெட்டில் உரையை விட்டுவிட்டு ஒதுக்கீட்டுத் தொகையைப் பாருங்கள். துறைகளின் செலவுக்குச் சட்டமன்றத்தில் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு வைப்பார்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். போன வருடத்துக் குறிப்பையும் இந்த வருடத்துக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தத் தடம் இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு வரிக்குச் சுருங்கியது என்று தெரிந்துவிடும் (செய்தித்தாள்கள் இதை எழுதுவதே இல்லை, ஏன் என்று எனக்குப் புரியவில்லை). டெண்டர் தளத்தில் கடைசித் தேதியைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டே போனால் அது நல்ல அறிகுறி இல்லை. கடன் கொடுக்கும் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை திட்ட ஆவணங்களைத் தங்கள் தளத்திலேயே போடுகின்றன, அமைச்சர் சொல்லாததை அங்கே பார்க்கலாம்.

பஸ் விஷயம் தனி. மெட்ரோவுக்குப் பத்து வருடம் ஆகும், பஸ்ஸுக்கு ஒரு அரசாணை போதும். 2021 மே 7 அன்று ஸ்டாலின் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டார், மறுநாளிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டண உயர்வும் அப்படித்தான், 2011 நவம்பரிலும் 2018 ஜனவரியிலும் ராத்திரியோடு ராத்திரியாக ஏறியது, இரண்டுமே தேர்தல் தூரத்தில் இருந்தபோது. மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 70லிருந்து 50 ஆகக் குறைந்தது 2021 பிப்ரவரியில், தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சில நாள் முன்னால். காலண்டரைப் பார்த்தாலே பாதி புரியும்.

இலவசப் பயணம் மாதிரி ஒன்றை எந்த அரசும் நேரடியாக நிறுத்தாது, தைரியம் வராது. ஆனால் இலவசம் செல்லும் வெள்ளை போர்டு சாதாரண வண்டியைக் குறைத்து, கட்டணம் வாங்கும் டீலக்ஸைக் கூட்டினால் அதே வேலை நடந்துவிடும். அதனால் உங்கள் ஸ்டாப்பில் காலை எட்டு முதல் ஒன்பதுவரை எத்தனை வெள்ளை போர்டு, எத்தனை டீலக்ஸ் வருகிறது என்று இப்போதே குறித்துவையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட ஒரு கணக்கு இருக்கும்.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தோடு, திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். "ஏன் தாமதம், எப்போது வரும்" என்றெல்லாம் கேட்டால் வழவழ பதில்தான் வரும். ஆவணமாகக் கேளுங்கள்: இந்தத் தடத்துக்கு ஒப்புதல் தந்த அரசாணையின் நகல், வேலை உத்தரவு தந்திருந்தால் அதன் நகல், கடைசியாக ஒப்புதல் பெற்ற வழித்தட வரைபடம், நில எடுப்பு அறிவிக்கையில் வந்த சர்வே எண்கள். வீடு வாங்கப்போகிறவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் புரோக்கர் காட்டும் மேப்பில் மெட்ரோ எப்போதும் வாசலுக்கு எதிரேதான் நிற்கும், அறிவிக்கையில் பார்த்தால் அது உங்கள் மனைக்குள்ளேயே வந்திருக்கலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.