இடுப்பு மூட்டு ரீசர்ஃபேசிங்: ஆண், பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து முடிவெடுப்பது எப்படி?

இளம் வயதிலேயே இடுப்பு மூட்டு தேய்ந்துபோனவர்களுக்கு, தொடை எலும்பின் பந்தை வெட்டி அகற்றாமல், பல்லுக்கு கேப் போடுவதைப் போல அதைச் செதுக்கி உலோகத் தொப்பியும், அந்தப் பந்து சுழலும் இடுப்புக் குழியில் உலோகக் கிண்ணமும் பொருத்துவதே ரீசர்ஃபேசிங் சிகிச்சை. இன்று வழங்கும் முறையின் முன்னோடியான பர்மிங்காம் வகைக் கருவி, டெரெக் மெக்மின் என்ற அறுவை மருத்துவரின் முயற்சியால் 1997-இல் இங்கிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்தது. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019 ஜனவரியில் இந்த அறுவையைச் செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் வென்றார். அச்செய்தியைப் படித்து நம்பிக்கை கொள்வது இயல்புதான். ஆனால் அந்த நம்பிக்கை ஒரு பெண்ணுக்கும் அதே அளவில் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

முதலில், உங்களிடம் காட்டப்படும் வெற்றி விகிதம் யாருடையது என்று கேளுங்கள். ரீசர்ஃபேசிங் செய்துகொண்டவர்களில் ஆண்களே அதிகம் என்பதால், இரு பாலரையும் சேர்த்துச் சொல்லும் சராசரி பெண்களின் நிலையை மறைத்துவிடும். இங்கிலாந்து, வேல்ஸில் நடக்கும் மூட்டு மாற்று அறுவைகளைப் பதிவுசெய்யும் பதிவேட்டை ஆராய்ந்து 2012-இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. 55 வயதுப் பெண்ணுக்கு 42 மி.மீ. பந்து பொருத்தினால் ஐந்து ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு 8.3 சதவீதம், 46 மி.மீ. பந்தானால் 6.1 சதவீதம் என்று அது கணித்தது. அதே பெண்ணுக்கு சிமென்ட் வைத்துப் பொருத்தும் வழக்கமான முழு மூட்டு மாற்றில், 28 மி.மீ. உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட வகைக்கு, அது 1.5 சதவீதம் மட்டுமே. அதே வயது ஆணுக்கு 54 மி.மீ. பந்தில் 2.6 சதவீதமாக இருந்த வாய்ப்பு, 46 மி.மீ. பந்தில் 4.1 ஆக உயர்ந்தது.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். சிறிய பந்து கொண்ட ஆணுக்கும் ஆபத்து கூடுகிறது என்றால், பெண்களின் மோசமான முடிவுகளில் ஒரு பகுதி எலும்பின் அளவிலிருந்தே வருகிறது என்று பொருள். பந்து சிறியதானால் அதைக் கிண்ணம் மூடும் பரப்பும் குறைகிறது. கிண்ணம் சற்றே செங்குத்தாக அமைந்தாலும் பாரம் அதன் விளிம்பில் விழுந்து, கருவியின் உலோகங்களான கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து, சுற்றியுள்ள தசையில் கட்டி போன்ற வீக்கம் உண்டாகிறது. ஆயினும் அளவு ஒன்றே முழு விளக்கம் ஆகாது. ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய வீக்கத்துக்காக எட்டு ஆண்டுகளில் மறு அறுவை செய்யப்பட்ட விகிதம் ஆண்களிடம் 0.5 சதவீதமாகவும், நாற்பது வயதைக் கடந்த பெண்களிடம் 6 சதவீதமாகவும் இருந்தது. நாற்பதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களிடம் ஆறு ஆண்டுகளிலேயே அது 13.1 சதவீதத்தை எட்டியது. பெண்களிடம் அதிகம் காணப்படும் பிறவிக் கிண்ணக் குறைபாடும் (இடுப்புக் குழி போதிய ஆழமின்றி அமைவது) இதில் பங்கு வகிக்கிறது.

ஆகவே, அளவு தெரிந்த குறியீட்டை அருகில் வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உங்கள் பந்தின் விட்டம் எவ்வளவு என்று அளந்து சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பர்மிங்காம் கருவியைத் தயாரிக்கும் ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனமே 2015 ஜூனில் 46 மி.மீ. மற்றும் அதற்குக் குறைந்த அளவுகளைத் திரும்பப் பெற்று, பெண்களுக்கு இதைப் பொருத்த வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டது. இதற்குப் பிறகும் ஒரு பெண்ணுக்கு உலோகத்தோடு உலோகம் உரசும் ரீசர்ஃபேசிங்கைப் பரிந்துரைப்பவரிடம் காரணத்தை விரிவாகக் கேட்க வேண்டும். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதே நல்லது. பெண்களையும் சேர்த்துக்கொண்டு பீங்கான் ரீசர்ஃபேசிங் கருவிகள் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பவர், நீண்டகாலப் பதிவுகள் இன்னும் திரளாத ஒரு கருவியைத் தேர்கிறோம் என்பதை அறிந்தே தேர வேண்டும்.

எலும்பின் உறுதியையும் பார்த்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பர்மிங்காம் கருவி பொருத்தப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, தொடை எலும்பின் கழுத்து முறிவது பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இந்த முறிவு பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே நிகழ்வதால், மாதவிடாய் நின்ற பெண்களும், நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொண்ட ஆண்களும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்காமல் முடிவு செய்யக் கூடாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு உலோக அயனிகள் உடலைவிட்டு வெளியேறுவது தடைப்படுவதால், ஆணோ பெண்ணோ இந்தச் சிகிச்சை அவர்களுக்கு உகந்ததல்ல. கோபால்ட் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையக்கூடும் என்பதால், குழந்தை பெற எண்ணியுள்ள பெண் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே இந்த அறுவையைச் செய்துகொண்ட பெண்கள் அஞ்சி உடனே கருவியை அகற்றத் தேவையில்லை. பலருக்கு அது நன்றாகவே இயங்கிவருகிறது. ஆனால் வலி இல்லாவிட்டாலும் கண்காணிப்பை விடக் கூடாது. பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவிகள் ஒழுங்குமுறை அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிவுரை, ரீசர்ஃபேசிங் செய்துகொண்ட பெண்கள் அனைவரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்கிறது. இரத்தத்தில் கோபால்ட் அல்லது குரோமியம் லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கூடுதல் பரிசோதனை தேவை. அப்போது உலோகத்தால் படம் சிதையாதபடி எடுக்கும் எம்ஆர்ஐ வசதி உள்ள மையத்தை நாடுங்கள். அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து கருவியின் பெயர், பந்தின் அளவு, தொகுதி எண் ஆகியவை அடங்கிய ஸ்டிக்கரின் நகலைக் கேட்டு வாங்கி, மற்ற மருத்துவ ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அவர் முதலில் கேட்கப்போவது அந்த விவரங்களைத்தான்.