தேம்ஸா, செவர்னா? இங்கிலாந்து பற்றிய கேள்விகளில் நாம் சறுக்கும் இடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்சி கொடுத்த மாணவி ஒருத்தி, விநாடி வினாப் போட்டி ஒன்றின் இறுதிச் சுற்று வரை வந்துவிட்டாள். "பிரிட்டனின் மிக நீளமான நதி எது?" என்று கேட்டார்கள். "செவர்ன்" என்றாள், ஒரு நொடிகூடத் தயங்காமல். "தவறு, தேம்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த அணியின் பக்கம் திரும்பிவிட்டார் நடத்துநர். அவர் கையிலிருந்த அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. செவர்ன் 354 கிலோமீட்டர், தேம்ஸ் 346. வேல்ஸ் மலைகளில் பிறந்து இங்கிலாந்துக்குள் நுழைந்து பிரிஸ்டல் கால்வாயில் கலக்கும் செவர்ன்தான் பிரிட்டன் தீவின் நீளமான நதி. முழுக்க முழுக்க இங்கிலாந்துக்குள்ளேயே ஓடும் நதிகளில் நீளமானது தேம்ஸ். எட்டு கிலோமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் சரியான விடை சொன்ன பெண்ணுக்கு மதிப்பெண் போனது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அந்த அட்டையை எழுதியவர் நதியில் தவறவில்லை. "பிரிட்டன்" என்ற சொல்லில் தவறினார். தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் இங்கிலாந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "இங்கிலாந்துப் பிரதமர்" என்று செய்தித்தாள்களிலேயே வருகிறது. இங்கிலாந்துக்கென்று தனிப் பிரதமர் கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் இருக்கும் பெருந்தீவு பிரிட்டன். அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்தால் ஐக்கிய ராஜ்யம். பிரதமர் அந்த ஐக்கிய ராஜ்யத்துக்குத்தான்.

மலைகளைக் கேட்டாலும் இதே சிக்கல்தான். இங்கிலாந்தின் உயரமான சிகரம் ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர். ஐக்கிய ராஜ்யத்துக்கு என்றால் ஸ்காட்லாந்தில் இருக்கும் பென் நெவிஸ், 1,345 மீட்டர். பெரிய ஏரி எது என்றால் இங்கிலாந்துக்கு விண்டர்மியர், ஐக்கிய ராஜ்யத்துக்கு வட அயர்லாந்தின் நே ஏரி. விளையாட்டு இன்னும் குழப்பும். கால்பந்தில் நான்கு நாடுகளும் தனித்தனி அணிகள், ஒலிம்பிக்கில் ஒரே அணி. கிரிக்கெட்டில் இங்கிலாந்து அணி என்று நாம் அழைப்பது வேல்ஸையும் சேர்த்த வாரியத்தின் அணி. 2005 ஆஷஸ் தொடரில் ஆஸ்திரேலியரைத் திணறடித்த சைமன் ஜோன்ஸ், வேல்ஸின் சுவான்சியில் பிறந்தவர்.

வரலாற்றுக் கேள்விகளில் பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாம் எலிசபெத் பிரிட்டனின் அரசி அல்ல, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் அரசி. அவருக்குப் பின் 1603-இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் லண்டனிலும் முடிசூடினார். அப்போது மன்னர்தான் ஒருவரானார், ராஜ்யங்கள் இரண்டாகவே நீடித்தன. இரண்டும் சட்டப்படி இணைந்து "கிரேட் பிரிட்டன்" ஆனது 1707 மே 1-ஆம் தேதி. 1801-இல் அயர்லாந்தும் சேர்ந்தது. 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்துபோனது.

இது நம் ஊர்க் கேள்விகளிலும் இடறும். "1639-இல் பிரிட்டிஷார் சென்னையில் நிலம் பெற்றனர்" என்று பல வழிகாட்டி நூல்களில் படிக்கிறோம். அப்போது பிரிட்டிஷ் அரசு என்ற ஒன்றே பிறக்கவில்லை. நிலம் பெற்றது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. எழுப்பிய கோட்டைக்கு அவர்கள் சூட்டியதும் இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் பெயரைத்தான். 1707-க்குப் பிறகு நிலைமை தலைகீழ்: அங்கிருந்து வந்த எல்லோரையும் "ஆங்கிலேயர்" என்று எழுதினால் அது தவறாகிவிடும். சென்னை அண்ணா சாலைக்கருகில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தென்னாட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் வடமேற்கில் உள்ள லூயிஸ் தீவுக்காரர். கால்டுவெல் அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். தமிழுக்கு இவ்வளவு செய்த மனிதரின் பிறந்த மண்ணையாவது நாம் சரியாகச் சொல்ல வேண்டாமா?

ஸ்காட்லாந்து மக்களுக்கு இது எவ்வளவு ஆழமான விஷயம் என்பதற்கு ஒரு தபால் பெட்டி சாட்சி. இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியதும் எடின்பரோவில் புதிய சிவப்புத் தபால் பெட்டி ஒன்று நட்டார்கள். அதில் அரசியின் பெயரெழுத்தோடு "இரண்டாம்" என்பதற்கான ரோமன் எண்ணும் பொறித்திருந்தது. முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லையே, பிறகு இங்கே இரண்டாமவர் எப்படி வந்தார் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1953 பிப்ரவரியில் அந்தப் பெட்டியை யாரோ வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் பின் ஸ்காட்லாந்தில் வைத்த பெட்டிகளில் அந்த எழுத்தும் எண்ணும் இல்லை, ஸ்காட்லாந்தின் மணிமுடி மட்டும்தான்.

ஹேட்ரியன் சுவர்தான் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கி.பி. 122-இல் ரோமானியர் கட்டத் தொடங்கிய, சுமார் 117 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுவர் முழுவதும் இன்றைய இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறது. நார்தம்பர்லாந்து மாவட்டத்தின் பெரும்பகுதி சுவருக்கு வடக்கே கிடக்கிறது, அதுவும் இங்கிலாந்துதான்.

லண்டனுக்குள் வந்தால், பிக் பென் என்பது கோபுரமல்ல, உள்ளே தொங்கும் பெரிய மணி. கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். படங்களில் நாம் பார்க்கும் இரட்டைக் கோபுரப் பாலம் டவர் பாலம், 1894-இல் திறந்தது. லண்டன் பாலம் அதற்குச் சற்று மேற்கே இருக்கும் சாதாரணத் தோற்றமுள்ள வேறொன்று. "சிட்டி ஆஃப் லண்டன்" என்றால் முழு லண்டன் என்று நினைத்துவிடக் கூடாது. அது சுமார் மூன்று சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பழைய நகரம். அதற்கு லார்டு மேயர் தனி, பெருநகர லண்டனுக்கு மேயர் தனி. நாடாளுமன்றம் அந்தப் பழைய நகருக்கு வெளியே, வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கிறது.

மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் ஜான் மன்னர் "கையெழுத்திட்டார்" என்று எழுதாதீர்கள். 1215 ஜூனில், தேம்ஸ் கரையிலுள்ள ரன்னிமீடில், அரச முத்திரைதான் அதற்கு ஒப்புதலானது. அன்றே மக்களாட்சி பிறந்துவிட்டது என்பதும் மிகை. அதே ஆண்டு ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னொசென்ட் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். ஜான் இறந்த பிறகு அவர் மகன் காலத்தில் திருத்தங்களோடு மறுபடி மறுபடி வெளியிடப்பட்டதால்தான் அது நிலைத்தது. அதேபோல் 1066 அக்டோபர் 14-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரும் ஹேஸ்டிங்ஸ் ஊரில் நடக்கவில்லை. சுமார் 11 கிலோமீட்டர் வடமேற்கே போர் நடந்த இடத்தில் பின்னர் வளர்ந்த ஊருக்குப் "போர்" என்ற பொருள் தரும் பேட்டில் என்றே பெயர்.

நன்றாகப் படித்தவர்களையும் கவிழ்த்துவிடுவது தேதிக் கணக்குதான். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய ஆண்டின் கடைசி மாதங்கள். முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது 1649 ஜனவரி 30 என்று நாம் படிக்கிறோம். 59 பேர் கையொப்பமிட்ட அந்த மரண ஆணையை எடுத்துப் பாருங்கள், அதில் ஆண்டு 1648 என்றுதான் இருக்கும். ஆணையும் சரி, பாடப் புத்தகமும் சரி, ஆண்டை எண்ணும் முறைதான் வேறு.

இதற்கு மேல், ஐரோப்பாவில் பல நாடுகள் 1582 முதல், இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறத் தொடங்கியபோது இங்கிலாந்து பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616 ஏப்ரல் 23. ஸ்பெயினில் எழுத்தாளர் செர்வாந்தேஸ் மறைந்ததும் அதே தேதி என்று வழக்கமாகக் குறிக்கிறார்கள். ஒரே நாளில் இருவரும் மறைந்தார்கள் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையே அப்போது பத்து நாள் இடைவெளி இருந்தது. நியூட்டன் பிறந்தது ஆங்கிலக் கணக்கில் 1642 கிறிஸ்துமஸ் அன்று, கிரெகோரியன் கணக்கில் 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்ற அழகான செய்தி, ஒருவருக்கு ஒரு நாட்காட்டி, மற்றவருக்கு வேறு நாட்காட்டி என்று கலந்ததால் வந்தது. கடைசியில் 1752-இல் இங்கிலாந்தும் மாறியது. செப்டம்பர் 2 புதன்கிழமை படுக்கப் போனவர்கள் விழித்தது செப்டம்பர் 14 வியாழக்கிழமை. இடையில் உள்ள பதினொரு தேதிகளில் இங்கிலாந்தில் ஏதாவது நடந்ததாக யாராவது கேள்வி எழுதினால் அந்தக் கேள்வியையே நீக்கிவிடலாம்.

கேள்வியை வாசிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்துக்கூட்டி வாசித்து "லெய்செஸ்டர்" என்றால், லெஸ்டர் என்று கேட்டுப் பழகிய மாணவருக்கு ஊர் அடையாளமே தெரியாமல் போகிறது. வூஸ்டர், கிளாஸ்டர், நாரிச், கிரெனிச், டார்பி, ரெடிங் எல்லாம் இந்த வகை. மான்செஸ்டருக்கும் வின்செஸ்டருக்கும் முழு ஒலி உண்டு. லெஸ்டருக்கும் மான்செஸ்டருக்கும் வால் ஒன்றுதான்: ரோமானியரின் படை முகாமைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றில் அது வாயிலேயே தேய்ந்துபோனது, மற்றொன்றில் முழுதாக நின்றுவிட்டது. எழுத்தை நம்பாமல் அந்த ஊர்க்காரர் பேசும் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு அட்டையில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒலியை ஏறக்குறையப் பிடித்து வைக்க நம் எழுத்து போதும்.